பழைய ஆவணத்திலிருந்து எடுத்த ஒரு வரி

சில வருடங்களுக்கு முன் ஒரு நீரேற்று நிலைய வேலை. என்னென்ன தேவை என்று எழுதிவைக்கும் ரிக்வயர்மென்ட் ஆவணத்தில் இப்படி ஒரு வரி: "சம்பில் தண்ணீர் குறைந்தால் பம்பு உடனே நிற்க வேண்டும்." முந்தைய திட்டத்திலிருந்து அப்படியே எடுத்த வரி அது. சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

பழைய இடத்தில் சம்ப் பெரியது, நல்ல ஆழம். தண்ணீர் அலையடிக்கும்போது பம்பு வீணாக நிற்கக் கூடாது என்று, பம்பின் கட்டுப்பாட்டுப் பேனல் செய்தவர், தண்ணீர் குறைந்து 10 விநாடி கழித்தே பம்பை நிறுத்தும் டைமர் வைத்திருந்தார். அங்கே அது சரி. புதிய இடத்திலோ ஆழமில்லாத சின்ன சம்ப். அந்த 10 விநாடிக்குள் தண்ணீர் உறிஞ்சுகுழாயின் வாய்க்குக் கீழே இறங்கிவிடும். தினமும் பல தடவை பம்பு சில விநாடி தண்ணீரில்லாமல் ஓடி (டிரை ரன்), மூன்றே வாரத்தில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் கருகிவிட்டது. பேனல்காரரைக் கேட்டோம். "போன தடவையும் பத்து செகண்ட்தானே சார் வச்சோம்?" என்றார். அவர்மேல் தப்பே இல்லை. "குறைந்தால்" என்றால் எவ்வளவு, "உடனே" என்றால் எத்தனை விநாடி என்று நாங்கள்தான் எழுதவில்லை.

1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதல் பயணத்திலேயே, கிளம்பிச் சுமார் 40 விநாடியில் வெடித்துச் சிதறியதும் இந்த வகைத் தவறால்தான். ராக்கெட் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கணக்கிடும் கருவி, முந்தைய ராக்கெட்டான ஏரியான் 4-இல் நன்றாக வேலை செய்தது. அதன் மென்பொருளைப் புது ராக்கெட்டுக்கும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஏரியான் 5-இன் கிடைமட்ட வேகம் அதைவிடச் சீக்கிரமாகக் கூடும். மென்பொருள் அந்த எண்ணுக்கு ஒதுக்கியிருந்த 16 பிட் இடத்தில் அடங்காத அளவு பெரிய எண் வந்ததும் கருவி நின்றுபோனது. மாற்றாக வைத்த கருவியிலும் அதே மென்பொருள். அது ஒரு கணம் முன்பே நின்றிருந்தது. எனக்கு இன்னும் மனசு ஆறாத விஷயம், பிழை வந்த அந்தக் கணக்கு ராக்கெட் கிளம்பிய பிறகு ஏரியான் 5-க்குத் தேவையே இல்லை. ஏரியான் 4-க்காக எழுதியது, அதை யாரும் நீக்கவில்லை. புது ராக்கெட்டின் பாதை விவரங்கள் அந்தக் கருவிக்கான தேவைகளில் சேர்க்கப்படவே இல்லை என்று விசாரணைக் குழு எழுதியது. நான்கு ஆய்வுச் செயற்கைக்கோள்களும் அதோடு போயின.

புதிதாக எழுதும் வரியை எல்லாரும் கேள்வி கேட்பார்கள். பழைய ஆவணத்திலிருந்து வரும் வரியை ஒருவரும் தொடமாட்டார்கள். அதனால் அப்படி வரும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், இதை யார் கேட்டார்கள், எதற்குக் கேட்டார்கள், எப்படிச் சோதிப்போம் என்று இப்போது எழுதிவைக்கிறேன். பதில் கிடைக்காத வரி உள்ளே வராது.

பம்பு வரியை இப்படி மாற்றினோம்: "சம்பின் நீர்மட்டம் அடித்தளத்திலிருந்து 60 செ.மீ.க்குக் கீழே தொடர்ந்து 2 விநாடி இருந்தால், அடுத்த 1 விநாடிக்குள் பம்பு நிற்க வேண்டும்." இந்தத் தடவை பம்பு ஆபரேட்டரையும் கூட்டத்தில் உட்காரவைத்தோம். வாசித்து முடித்ததும் அவர் கேட்டார்: "சென்சார் ஒயர் அறுந்துபோச்சுன்னா பம்பு நிக்குமா, ஓடுமா சார்?" அது எந்த ஆவணத்திலும் இல்லை. அன்றைக்கே சேர்த்தோம்.