நோட்டு நிறைந்திருக்கிறது, சரி. பிள்ளைக்கு வாசிக்கத் தெரிகிறதா?

இரண்டாம் பருவம் தொடங்கும்போது வேறு பள்ளிகளிலிருந்து சில பிள்ளைகள் எங்கள் தொடக்கப்பள்ளிக்கு வந்து சேர்வது வழக்கம். பிழைப்புக்கு ஊர் மாறியவர்கள், ஃபீஸ் கட்ட முடியாமல் போனவர்கள் என்று ஆளுக்கொரு காரணம் இருக்கும். இந்த வருஷம் மூன்றாம் வகுப்புக்கு வந்த ஒரு பையனின் பையில் ஒரு கட்டு நோட்டு. முத்து முத்தான கையெழுத்து, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் ‘வெரி குட்’. தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்ததும் மூச்சு விடாமல் வாசித்தான். ஆனால் விரல் முதல் வரியில் நிற்க, வாய் நாலாவது வரிக்குப் போய்விட்டது. அதே பக்கத்தின் நடுவிலிருந்த ‘குடம்’ என்ற சொல்லை மட்டும் காட்டிக் கேட்டேன். தெரியவில்லை. அப்பாவுக்கு இதெல்லாம் கவலை இல்லை. “அந்தப் பள்ளிக்கூடத்துல புக்கையே முடிச்சிட்டாங்க மேடம், நீங்க இன்னும் பாதியிலதான் நிக்கிறீங்களாமே?” என்கிறார்.

இப்படி இன்னும் எத்தனை பிள்ளைகளைப் பார்ப்பது?

முதலில் அந்த நோட்டு விஷயத்தைப் பேசிவிடுவோம். பார்த்து எழுதுவது வேறு, எழுதத் தெரிவது வேறு. திருப்பதி பேருந்தின் போர்டில் இருக்கும் தெலுங்கு எழுத்தை உங்கள் முன் வைத்தால் நீங்களும் அழகாக வரைந்துவிடுவீர்கள். அதனால் உங்களுக்குத் தெலுங்கு தெரியும் என்று ஆகிவிடுமா? பிள்ளைகளில் பாதிப் பேர் இப்படித்தான் வரைந்துகொண்டிருக்கிறார்கள். கரும்பலகையில் இருக்கும் கேள்வி பதிலை எழுத்து எழுத்தாகப் பார்த்து நோட்டில் இறக்குகிறார்கள். ஆசிரியர் டிக் போடுகிறார், வீட்டில் கையெழுத்துப் போடுகிறார்கள், எல்லோருக்கும் நிம்மதி. மனப்பாடமும் இதே கதைதான். பாடத்தைப் பத்து முறை கோரஸாகச் சொன்ன பிள்ளைக்குப் புத்தகம் தேவையே இல்லை, காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லிவிடும். அதற்குப் பெயர் வாசிப்பு இல்லை. நோட்டு நிறைந்தால் அது நோட்டுக் கம்பெனிக்கு லாபம். பிள்ளைக்கு என்ன வந்தது என்று நோட்டைப் புரட்டிச் சொல்ல முடியாது. இதை எத்தனை கூட்டத்தில் சொன்னாலும், அடுத்த வாரமே “இவனுக்கு நோட்டுல ஒண்ணுமே எழுதிப் போடல” என்று யாராவது வந்து நிற்கிறார்கள்.

தொடக்கப்பள்ளியின் வேலை புத்தகத்தை முடிப்பது அல்ல. ஒவ்வொரு வகுப்பு முடியும்போதும் பிள்ளையால் என்ன செய்ய முடியவேண்டும் என்று ஒரு வரிசை இருக்கிறது. கற்றல் விளைவுகள் என்ற பெயரில் தேசிய அளவில் 2017-லேயே வகுப்புவாரியாக வெளியிட்டுவிட்டார்கள். புத்தகம் அங்கே போய்ச் சேர ஒரு கருவி, அவ்வளவுதான். எதை முன்னால் வைப்பது, எதில் கூடுதல் நாள் நிற்பது, எதை வகுப்பறைக்கு வெளியே நடத்துவது என்பதைப் பள்ளிதான் உட்கார்ந்து யோசிக்கவேண்டும். செடி முளைப்பது பற்றிய பாடத்தை மழை விழுந்த பிறகு நடத்தினால் வளாகத்திலேயே விதை போட்டுப் பார்க்கலாம். அது எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்பது இரண்டாம்பட்சம்.

தமிழ் எழுத்துகளும் அப்படித்தான். ஒண்ணாப்புப் பிள்ளை அ, ஆ, இ, ஈ வரிசையைச் சொல்லவில்லை என்றால் தாத்தா பாட்டியெல்லாம் பதறிப்போகிறார்கள். 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பித்த பிறகுதான் சொல்லுக்குப் போகவேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குப் பிள்ளை ஒரு சொல்லைக்கூட வாசிக்காது. எழுதச் சுலபமான ட, ப, ம மூன்றோடு புள்ளியையும் சொல்லிக்கொடுங்கள். படம், மடம், பட்டம், மட்டம் என்று சீக்கிரமே வாசிக்க ஆரம்பித்துவிடும். ‘எனக்குப் படிக்க வருது’ என்று அந்த வயதில் தோன்றிவிட்டால் போதும். வரிசை பின்னால் தானாக வரும்.

அடுத்த புகார்: “மூணாவது படிக்கிற என் பிள்ளையைச் சின்னப் பிள்ளைங்களோட உட்கார வைக்கிறீங்க.” இதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு வருஷத்துக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல். அதே சட்டத்தில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். இருவரும் சேர்ந்தால் 1,600 மணி நேரம். ஐந்து வகுப்புக்கும் தனித்தனியாகப் பாடம் எடுத்தால் ஒரு வகுப்புக்கு 320 மணி நேரம்தான் கிடைக்கும். மீதி நேரம் பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கும், அல்லது பார்த்து எழுதிக்கொண்டிருக்கும். (எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் பள்ளி விவரங்களை ஏற்றுவது, பயிற்சிக் கூட்டம், கணக்கெடுப்பு இவற்றை நான் இன்னும் கழிக்கவே இல்லை.) அதனால் நிலை பார்த்துக் குழுவாகப் பிரிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. அடிப்படை வாசிப்பும் கணக்கும் வரவேண்டும் என்று தமிழக அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-23-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தபோது, பிள்ளைகளை அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (அடுத்த நிலை), மலர் (மேல் நிலை) என்று பிரித்தது இதற்காகத்தான். கொரோனாவில் பள்ளிக்கூடமே பார்க்காத பிள்ளைகள் நேராக மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களை என்ன செய்வது? யோசனையும் ஒன்றும் புதிதில்லை. அட்டைகளை வைத்துப் பிள்ளை தன் வேகத்தில் படிக்கும் செயல்வழிக் கற்றல் 2007-08-இல் மாநிலம் முழுக்க வந்தபோதும், “பாயில உட்கார்ந்து அட்டை வெச்சு விளையாடுதுங்க” என்றுதான் ஊரில் பேசினார்கள்.

அரும்பில் இருப்பது தண்டனை அல்ல. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்துவதுதான் தண்டனை.

கணக்குக்கு வருவோம். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளைகள் வகுப்புக்கு நாலு பேராவது இருப்பார்கள். அஞ்சில் ரெண்டு போனால் மூணு, ஏழில் ரெண்டு போனால் அஞ்சு. பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துவிட்டார்கள். இதே பிள்ளையை நூற்று ஐந்து எழுதச் சொல்லுங்கள், 1005 என்று எழுதும். இடமதிப்பு மனதில் ஏறவில்லை. இதற்கு இன்னும் இருபது கழித்தல் கணக்கு போட்டு வரச் சொல்வது வைத்தியமே இல்லை. தென்னங்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் போட்டுக் கட்டிக் கையில் கொடுக்கவேண்டும். ஒரு கட்டைப் பிரித்தால்தான் ஏழு குச்சியை எடுக்க முடியும் என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். ஒரு வாரம் ஆகும், ஆகட்டும். அந்த வாரத்தை மிச்சம் பிடித்துப் புத்தகத்தை முடித்தால் நாலாம் வகுப்பில் வகுத்தல் வரும்போது மொத்தமாகச் சரிந்துவிடும். அப்போது, “இவனுக்குக் கணக்கே வராது” என்று முத்திரை வேறு குத்திவிடுவார்கள்.

தனியார் நர்சரிப் பள்ளித் தாளாளர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்.கே.ஜி.க்கு ஏன் கர்சிவ் என்கிற ஆங்கிலக் கூட்டெழுத்து? பென்சிலைப் பிடிக்கவே விரலில் வலு இல்லாத வயது. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது, புத்தகப்பை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதத்திலேயே சொல்லிவிட்டது. பெற்றோர் கேட்கிறார்கள், அதனால் கொடுக்கிறோம் என்கிறீர்கள். சீட்டு இல்லாமல் கேட்ட மாத்திரையைக் கொடுக்கும் மருந்துக் கடைக்காரரும் அதையேதான் சொல்கிறார்.

சரி, பெற்றோர் செய்ய வேண்டியது. பிள்ளை இதுவரை பார்க்காத ஒன்றை வாசிக்கச் சொல்லுங்கள்: பஸ் போர்டு, ரேஷன் கடை அறிவிப்பு, கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும். பாடப்புத்தகம் என்றால் நடுப்பக்கத்தைத் திறந்து, படத்தைக் கையால் மூடிவிட்டுக் கேளுங்கள். வாசித்ததை அதன் சொந்தச் சொல்லில் சொல்லச் சொல்லுங்கள். கடைக்குக் கூட்டிப்போய் மீதிச் சில்லறையை எண்ண வையுங்கள். தப்பு வந்தால் அடிக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையை இழுக்காதீர்கள், தயவுசெய்து. வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதிக்கொடுக்கும் டியூஷனுக்குக் காசு கொடுப்பதை நிறுத்துங்கள். அந்தக் காசில் கதைப் புத்தகம் வாங்கி, ராத்திரி ஒரு பக்கம் கூட உட்கார்ந்து வாசித்தாலே போதும். உங்களுக்கு வாசிக்க வராது என்றால் பிள்ளை வாசிக்க நீங்கள் கேளுங்கள், அதுவும் நல்லதுதான்.

சக ஆசிரியர்களிடம் சண்டை போட மனமில்லை, நிலைமை தெரியும். ஆனால் வாட்ஸ்அப்பில் வரும் பாடக்குறிப்பை அப்படியே எழுதி வைத்துவிட்டு வகுப்பில் வேறொன்றை நடத்துவதில் என்ன பயன்? வட்டாரக் கல்வி அலுவலர் வரும் நாளுக்காக நோட்டுத் திருத்துவதை விட, வாரத்துக்கு ஐந்து பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு வரி வாசிக்கக் கேட்டுக் குறித்து வையுங்கள். அடுத்த வாரம் எதை நடத்தவேண்டும் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை தீபாவளி வரைக்கும் இரண்டு வரி சேர்ந்தாற்போல் வாசிக்கவில்லை என்றால் முழு ஆண்டுத் தேர்வு வரை காத்திருக்காதீர்கள். டிசி கேட்டும் வராதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தன்றோ, சாயங்காலம் மணி அடித்த பிறகோ வந்து, பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த மாதம் எதைச் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள் என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.