இரும்புக்கு முன்னால் ரப்பருக்கு வயதாகிறது

பழைய ஹாட் ஹேட்ச்பேக் (வேகமான எஞ்சின் பொருத்திய சின்ன குடும்பக் கார்) வாங்கியவர்கள் அடிக்கடி சொல்வது இது: "எஞ்சின் நல்லாத்தான் இழுக்குது, ஆனா வண்டி தொளதொளன்னு இருக்கு." இதற்குக் காரணம் பெரும்பாலும் ரப்பர்தான்.

1976-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ இந்த வகைக்கு நல்ல உதாரணம். சுமார் 800 கிலோ எடையுள்ள குடும்பக் காருக்குள் 110 குதிரைத்திறன் தரும் 1.6 லிட்டர் எஞ்சின். இழுப்பது, திருப்புவது இரண்டும் முன்சக்கரங்களின் வேலை. பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்குச் சுமையும் அவற்றுக்குத்தான். இந்த விசைகளில் பெரும்பகுதி, சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் லோயர் ஆர்ம் என்ற கீழ்க்கையின் புஷ் வழியாகத்தான் பாடியைச் சேர்கிறது.

புஷ் என்பது ஒரு சின்ன இரும்புக் குழாய், அதைச் சுற்றிப் பெரிய குழாய், நடுவே இரண்டோடும் ஒட்டிய ரப்பர். சக்கரம் ஏறி இறங்கும்போது அந்த ரப்பர் வழுக்குவதில்லை, முறுக்கிக்கொண்டு மீள்கிறது. நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கந்தகம் ஆங்காங்கே பிணைத்திருப்பதால்தான் அது மீள்கிறது. வெப்பமும் ஆக்சிஜனும் ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும்போது சில சங்கிலிகள் அறுகின்றன, வேறு இடங்களில் புதுப் பிணைப்புகள் கூடி ரப்பர் இறுகுகிறது. காற்றிலுள்ள ஓசோன் இழுபட்ட பரப்பில் வெடிப்பை உண்டாக்குகிறது. ஷெட்டில் சும்மா நிற்கும் வண்டிக்கும் இது நடக்கும். ஆகவே, குறைந்த கிலோமீட்டர் ஓடிய வண்டி என்று யாராவது சொன்னால் நான் அதோடு திருப்திப்படுவதில்லை.

வெடித்த புஷ் பிரேக் பிடிக்கும்போது சில மில்லிமீட்டர் நகர விடுகிறது. சக்கரத்தின் கோணம் மாறி ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். நிற்கும் வண்டியில் அலைன்மென்ட் பார்த்தால் எல்லாம் சரியாகவே காட்டும்! ஆர்முக்கும் சட்டத்துக்கும் இடையே நெம்புகோலைக் கொடுத்து நெம்பிப் பாருங்கள். கொஞ்சம் அசைவது இயல்பு. ரப்பர் குழாயை விட்டுப் பிரிந்து வாய் திறந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

மாற்றும்போது பலர் தவறுவது இங்கேதான். ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை இறுக்கிவிடுகிறார்கள். போல்ட் உள்குழாயைச் சட்டத்தோடு பிடித்துக்கொள்வதால், தொங்கும் நிலையே ரப்பருக்கு ஓய்வுநிலை ஆகிவிடுகிறது. வண்டியைக் கீழே இறக்கியதும் புது ரப்பர் நிரந்தரமாக முறுகி நிற்கும், சீக்கிரமே கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. ரப்பருக்குப் பதிலாக, அதைவிட விறைப்பான பாலியூரித்தேன் புஷ் போட்டால் அது ஸ்டியரிங்கைக் கூர்மையாக்கும், கூடவே அதிர்வையும் உள்ளே கொண்டுவரும். அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு ரப்பரே போதும் என்பது என் கருத்து.

வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் ரப்பர் பட்டையான டைமிங் பெல்ட் இருக்கும் எஞ்சினாக இருந்தால் அதற்கும் இதே கதை. கிலோமீட்டரோடு ஆண்டுக்கணக்கும் உண்டு. பல எஞ்சின்களில் அது அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி வால்வுகள் வளைந்துவிடும். மாற்றியதற்கு ரசீது இல்லையா? மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றுங்கள்.

அப்புறம் டயர். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2315 என்றால் 2015-ன் 23-வது வாரத்தில் தயாரானது. டயரின் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேற்பரப்பு வரிகள்) தேயாமல் நிறைய இருந்தாலும் அந்த எண்ணைப் பார்த்த பிறகே வளைவில் வேகமெடுங்கள்.