அழிக்காமல் விட்ட நிரல்

2012 ஆகஸ்ட் 1, புதன்கிழமை. நியூயார்க் பங்குச்சந்தை வழக்கம்போல காலை 9:30-க்குத் திறந்தது. அடுத்த முக்கால் மணி நேரத்தில் நைட் கேப்பிட்டல் என்ற வர்த்தக நிறுவனத்தின் கணினிகள், 154 நிறுவனங்களின் 39.7 கோடிப் பங்குகளை இஷ்டத்துக்கு வாங்கியும் விற்றும் தள்ளின. வாடிக்கையாளர்கள் கொடுத்திருந்ததோ வெறும் 212 சிறிய ஆர்டர்கள். கணக்குத் தீர்த்தபோது நஷ்டம் 46 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. சில நாட்களில் வெளி முதலீட்டாளர்கள் 40 கோடி டாலர் போட்டுத்தான் நிறுவனத்தைக் காப்பாற்றினார்கள். அடுத்த ஆண்டே அது கெட்கோ நிறுவனத்தோடு இணைந்துவிட்டது.

ஹேக்கர் யாரும் உள்ளே நுழையவில்லை. புதிதாக எழுதிய நிரலிலும் கோளாறு இல்லை. பிறகு என்னதான் நடந்தது?

ஒரு பெரிய ஆர்டரைச் சிறுசிறு ஆர்டர்களாகப் பிரித்துச் சந்தைக்கு அனுப்ப, நைட்டிடம் ஒரு மென்பொருள் இருந்தது. அதன் ஒரு பகுதி 'பவர் பெக்'. 2003-லேயே அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள், ஆனால் நிரலை அழிக்கவில்லை. யாருக்கும் இடைஞ்சல் இல்லையே, கிடக்கட்டும் என்று விட்டாயிற்று.

2005-ல் வேறொரு மாற்றம். கேட்ட அளவுக்குப் பங்குகள் கிடைத்ததும் 'போதும், நிறுத்து' என்று சொல்ல, எண்ணிக்கையைக் கவனிக்கும் ஒரு துண்டு நிரல் உண்டு. அதை மென்பொருளுக்குள் வேறு இடத்துக்கு நகர்த்தினார்கள். நகர்த்திய பிறகு பவர் பெக் சரியாக ஓடுகிறதா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. பயன்பாட்டில் இல்லாததை யார் சோதிப்பார்கள்? அன்றிலிருந்து அதற்கு ஆர்டர் அனுப்பத் தெரியும், நிறுத்தத் தெரியாது.

2012-ல், சந்தை கொண்டுவந்த ஒரு புதிய திட்டத்துக்காக நிரல் எழுதினார்கள். அதை இயக்க ஒரு ஃபிளாக் வேண்டும், அதாவது எந்த வசதி ஓட வேண்டும் என்று சொல்ல ஆர்டரோடு சேர்ந்து வரும் ஓர் அடையாளக் குறி. புதிதாக ஒன்றை உருவாக்காமல், பவர் பெக்கை இயக்கிய பழைய ஃபிளாக்கையே எடுத்துக்கொண்டார்கள். போர் மோட்டாருக்குப் போட்ட சுவிட்சை வாசல் விளக்குக்கு மாற்றிவிட்டு, மோட்டார் வயரை முழுதாகக் கழற்றாமல் விட்டது போல.

மொத்தம் 8 சர்வர்கள். ஜூலை 27 முதல் சில நாட்களாகப் புதிய நிரலை ஏற்றினார்கள். 7 சர்வர்களில் ஏறிவிட்டது, எட்டாவதில் விடுபட்டு, பவர் பெக்கோடு பழைய நிரலே தங்கிவிட்டது. வேறொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுதிவைத்த விதியும் இல்லை. ஆகஸ்ட் 1 அன்று ஃபிளாக்கோடு ஆர்டர்கள் வந்தபோது, ஏழு சர்வர்கள் புதிய வேலையைச் செய்தன. எட்டாவதில் பவர் பெக் விழித்துக்கொண்டு, நிறுத்தத் தெரியாமல் ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது.

அடுத்து நடந்ததுதான் கதையிலேயே மோசமான பகுதி. சிக்கலைத் தீர்க்க முனைந்தவர்கள், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலைக் கழற்றினார்கள். புதிதாக ஏற்றியதில்தான் கோளாறு என்று நினைப்பது இயல்பு, நாமும் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் பழைய நிரலுக்குத் திரும்பினாலும், வந்துகொண்டிருந்த ஆர்டர்களில் ஃபிளாக் அப்படியே இருந்தது. எனவே அந்த ஏழிலும் பவர் பெக் ஓடத் தொடங்கியது. இப்படிப் பழைய பதிப்புக்குத் திரும்புவதை, அதாவது ரோல்பேக்கை, செய்தால் நிரல்தான் பின்னோக்கிப் போகும். உள்ளே வரும் தரவு போகாது.

சந்தை திறக்கும் முன்பே, காலை 8:01-லிருந்து, பவர் பெக் பெயரைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன. அவை அபாய அறிவிப்பாக வடிவமைக்கப்பட்டவை அல்ல, ஆகவே யாரும் அவற்றை வைத்து நடவடிக்கை எடுக்கவில்லை. தினமும் தானாக வந்து குவியும் மின்னஞ்சல்களுக்குத் தனி ஃபோல்டர் போட்டு ஒதுக்கிவைத்திருக்கும் எவரும் இதைக் கேட்டுச் சிரிக்க முடியாது.

எட்டாவது சர்வரை விட்ட ஊழியர் மேல் பழியைப் போடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கையால் எட்டு இடங்களில் செய்யும் வேலையில் ஒன்று விடுபடுவது என்றைக்காவது நடக்கத்தான் செய்யும். எல்லா சர்வரிலும் ஒரே பதிப்புதான் ஓடுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கச் சின்ன ஸ்கிரிப்ட் போதும். அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையமும் 2013 அக்டோபரில் 1.2 கோடி டாலர் அபராதம் விதித்தபோது, நிறுவனத்திடம் போதிய கட்டுப்பாடுகள் இல்லாததைத்தான் குற்றமாகச் சொன்னது.

வேர் இன்னும் பின்னால், 2003-ல் இருக்கிறது. நம்மூர் ஐடி அலுவலகங்களில் 'சப்போர்ட் ப்ராஜெக்ட்' என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. புதிதாகக் கட்டுபவருக்குக் கிடைக்கும் பெயர், பழையதைக் கழற்றுபவருக்குக் கிடைப்பதில்லை. 'இந்த வாரம் 2,000 வரி அழித்தேன்' என்று அப்ரைசலில் எழுதினால் மேனேஜர் எப்படிப் பார்ப்பார் என்று யோசித்துப் பாருங்கள். இத்தனைக்கும், நிரலின் பழைய பதிப்புகளையெல்லாம் சேமித்துவைக்கும் கிட் (Git) போன்ற கருவிகளில் அழித்த வரி எங்கும் போய்விடாது, வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம்.

அழிக்கச் சரியான ஆள், அதை எழுதியவர்தான். அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால், பின்னால் வருபவர் 'எதற்காக இருக்கிறதோ, தொட வேண்டாம்' என்றுதான் நினைப்பார். ஆகவே ஒரு வசதியை நிறுத்த முடிவெடுக்கும் கூட்டத்திலேயே, அதைக் கழற்ற இத்தனை நாள், இன்னார் பொறுப்பு என்று திட்டத்தில் எழுதிவிடுவது நல்லது. அதன் ஃபிளாக்குக்கும் அதே நாளில் ஓய்வு கொடுத்து, அந்தப் பெயரை மறுபடி வேறெதற்கும் வைக்காமல் இருக்க வேண்டும்.