ரெப்ளிகா என்றால் போலியா?

2023 நவம்பரில் நியூயார்க்கில் ஆர்.எம். சோதபீஸ் நடத்திய ஏலத்தில் 1962-ஆம் ஆண்டின் ஃபெராரி 250 ஜி.டி.ஓ. ஒன்று 5 கோடியே 17 லட்சம் டாலருக்கு விலைபோனது. புதிதாக வந்த காலத்தில் அந்த வகைக் காரின் விலை சுமார் 18,000 டாலர்தான். தேர்ந்த கைவினைஞர் ஒருவர் அதே வடிவத்தில், அதே சிவப்பில் கட்டிய இன்னொரு காரை அதன் பக்கத்தில் நிறுத்தினால், பத்தடி தள்ளி நிற்கும் பலருக்கு வித்தியாசமே தெரியாது. விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருக்கும். அந்த இரண்டாவது காருக்குப் பெயர்தான் ரெப்ளிகா. தமிழில் அதைச் சட்டென்று 'போலி கார்' என்று எழுதிவிடுகிறோம். அப்படி எழுதக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ரெப்ளிகா இத்தாலியச் சொல். லத்தீனின் 'ரெப்ளிகாரே' என்ற வினை அதன் வேர். 'ரெ' என்றால் திரும்ப, 'ப்ளிகாரே' என்றால் மடித்தல். திரும்ப மடிப்பது, அப்புறம் திரும்பச் சொல்வது, திரும்பச் செய்வது என்று பொருள் விரிந்தது. நமக்கும் இந்த எண்ணம் புதிதல்ல. 'இரண்டு மடங்கு', 'பன்மடங்கு' என்கிறோமே, அந்த மடங்கும் மடிப்புதான். உதிரிபாகக் கடையில் முகம் சுளித்துச் சொல்கிற 'டூப்ளிகேட்'டும் அதே லத்தீன் வேர்தான். இருமடி என்பதே அதன் நேர்ப்பொருள்.

இத்தாலியில் ஒரு நாடகம் மறுபடி மேடையேறினால் அது ரெப்ளிகா. ஓவியத்தில் இன்னும் கறாரான பொருள் உண்டு: ஓர் ஓவியர் தன் படைப்பைத் தானே இன்னொரு முறை வரைந்தால்தான் ரெப்ளிகா, வேறொருவர் பார்த்து வரைந்தால் அது வெறும் படி. அதாவது இந்தச் சொல் பிறந்த இடத்தில் ஏமாற்று என்ற வாடையே கிடையாது. சொல்லப்போனால் அது ஒரு மரியாதை.

வண்டி உலகத்துக்கு வந்தபோதும் அந்த மரியாதையோடுதான் வந்தது. 1949-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் இங்கிலாந்தின் ஃப்ரேசர் நாஷ் கார் மூன்றாவதாக வந்தது. உடனே அந்த நிறுவனம் தான் விற்கும் காருக்கு 'லெ மான் ரெப்ளிகா' என்றே பெயர் வைத்தது. பந்தயத்தில் ஓடியதைப் போன்றதே உங்கள் கைக்கும் வருகிறது என்பது அதன் பொருள். பைக் பந்தய வீரர் மைக் ஹெய்ல்வுட் 1978-இல் ஐல் ஆஃப் மேன் பந்தயத்தில் வென்ற பிறகு டுகாட்டி நிறுவனமும் இதேபோல 'மைக் ஹெய்ல்வுட் ரெப்ளிகா' என்று ஒரு பைக்கை விற்றது. இவற்றைப் போலி என்று யார் சொல்வார்?

பொருள் மாறியது பிறர் கட்டத் தொடங்கியபோது. ஷெல்பி கோப்ரா என்ற ஸ்போர்ட்ஸ் கார் நல்ல எடுத்துக்காட்டு. 1960-களில் வந்த அசல் கார்கள் சுமார் ஆயிரம். பிற்பாடு வேறு வேறு பட்டறைகளில் உருவானவை அதைப்போலப் பல மடங்கு. முதல் கோப்ரா 2016-இல் 1 கோடியே 37 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. அந்தப் பணம் தகட்டுக்கும் எஞ்சினுக்கும் கொடுத்த பணமில்லை. காரின் அடிச்சட்டமான சேஸிஸில் உள்ள அந்த எண்ணுக்கும், அது ஓடிய ஓட்டத்துக்கும், கைமாறிய வரலாற்றுக்கும் கொடுத்த பணம்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'நகல்' அரபியிலிருந்து வந்தது. அதன் இணையான 'அசல்' என்பதும் அப்படியே. நகல் என்றதும் நமக்குத் தாள்தான் நினைவுக்கு வரும், காருக்கு ஒட்டவில்லை. 'படி' நல்ல சொல், ஆனால் அதுவும் ஏட்டுக்கும் கையெழுத்துக்கும் உரியது. 'மாதிரி' என்றால் மேசையில் வைக்கும் சின்னக் காரா என்று கேட்பார்கள். 'போலி'யைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 'போல்' என்பதிலிருந்து வந்த இச்சொல்லுக்கு இலக்கணத்தில் இழிவே இல்லை. அறம் 'அறன்' என்றாவது கடைப்போலி. எழுத்து மாறினாலும் பொருள் மாறாதது. ஆனால் போலி மருத்துவர், போலிப் பத்திரம் என்று புழங்கிப் புழங்கி இன்று அது மோசடியின் பெயராகிவிட்டது. அதைத் திருப்ப முடியாது.

அதனால் நான் தேர்ந்துகொள்வது 'ஒப்புரு'. ஒத்த உரு. எதையும் மறைக்காத சொல். சேஸிஸ் எண்ணைத் திருத்தி, வரலாற்றைப் புனைந்து அசல் என்று விற்றால் அப்போது அது போலி. ஒரே கார், விற்பவர் சொல்லும் சொல்லைப் பொறுத்து ஒப்புருவாகவும் இருக்கலாம், போலியாகவும் ஆகலாம்.

ஒப்புரு எல்லாமே குற்றமற்றது என்று நான் சொல்லவில்லை. 250 ஜி.டி.ஓ. ஒப்புருக்கள் பல, ஃபெராரியின் 250 ஜி.டி.இ. என்ற நான்கு இருக்கைக் காரை உடைத்துக் கட்டியவை. அந்தக் கார் வந்ததே சுமார் 950. ஓர் உண்மையான பழைய காரைக் கொன்று இன்னொன்றின் சாயலைச் செய்வது எனக்கு மனவருத்தம் தருகிறது. 2019-இல் இத்தாலியின் போலோனா நீதிமன்றம் 250 ஜி.டி.ஓ.வின் வடிவத்தைக் கலைப்படைப்பு என்று ஏற்று, பிறர் அதை உருவாக்குவதைத் தடுத்தது.

தயாரித்த நிறுவனமே மறுபடி செய்தால்? ஜாகுவார் 1960-களில் எடை குறைந்த இ-டைப் கார்களுக்கு 18 சேஸிஸ் எண்களை ஒதுக்கி 12 மட்டும் கட்டியது. மிச்சம் ஆறையும் கட்டப்போவதாக 2014-இல் அறிவித்து, அந்த எண்களிலேயே கட்டியது. ஆங்கிலத்தில் 'கன்டினியூவேஷன்' என்கிறார்கள். 'தொடருரு' என்று சொல்லலாம். ஓவியர் தானே திரும்ப வரைந்தது என்ற பழைய பொருளுக்கு இதுதான் நெருக்கம்.

'அசல்' என்ற சொல்லும் சிக்கலானதுதான். 1929, 1930 இரண்டு ஆண்டும் லெ மானில் வென்ற பென்ட்லி 'ஓல்ட் நம்பர் ஒன்' காரை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், 1929-இன் பாகங்கள் அதில் அதிகம் மிச்சமில்லை என்று பின்வாங்கினார்கள். 1990-இல் லண்டன் உயர் நீதிமன்றம் அந்தக் காரின் பாகங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. பாகம் பாகமாக மாறினாலும் அதன் வாழ்க்கை அறுபடவில்லை, எனவே அது மெய்யான ஓல்ட் நம்பர் ஒன்தான் என்று தீர்ப்பளித்தது.

விளம்பரத்தில் இதையெல்லாம் ஒரே வரியில் அடக்கலாம்: 'ஃபெராரி 250 ஜி.டி.ஓ. ஒப்புரு, 250 ஜி.டி.இ. சேஸிஸில் கட்டியது.'