புல்லுருவி என்று வெட்டும் முன்

பெங்களூர் கனகபுரா சாலைப் பக்கம் தோட்டங்களில் மரக்கணக்கு எடுப்பது என் தொழில். போன மழைக்காலத்தில் ஒரு பழைய மாந்தோப்பு. கிளை கழிக்க வந்த தருமபுரிக்காரர் அரிவாளோடு ஏணியில் நின்றார். "புல்லுருவி சார், விட்டா மரத்தையே குடிச்சிடும்." கீழே ஐந்து கொத்து கிடந்தது. இரண்டுதான் புல்லுருவி. மற்ற மூன்றும் ஆர்க்கிட்.

புல்லுருவிக்குக் கட்டையான கிளை உண்டு. மரத்துக்குள் துளைத்துப் போய் நீரை உறிஞ்சும். ஒட்டிய இடம் முண்டு கட்டி வீங்கியிருக்கும். ஆர்க்கிட் வெறும் தொற்றுத்தாவரம். பட்டை அதற்குப் பிடிமானம் மட்டுமே, வேரில் பாதி காற்றில் தொங்கும். சந்தேகம் வந்தால் குடிக்கிற தண்ணீரில் கொஞ்சம் அந்த வேர்மேல் ஊற்றுங்கள். வெள்ளை வேர் பச்சையாகும். வெலாமன் என்ற பஞ்சு உறை நனைந்ததும் உள்ளே இருக்கும் பச்சையம் தெரிகிறது, அவ்வளவுதான். அவருக்கும் இதைத்தான் செய்து காட்டினேன். அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டார்.

சரி, எந்த ஆர்க்கிட்? இங்கேதான் படித்தவர்களும் சறுக்குகிறோம். வாண்டா டெசலேட்டா, அகாம்பே ப்ரேமோர்சா இரண்டுக்கும் வார் போன்ற இலை, இரு வரிசையாக. பூ இல்லாத நாளில் அகாம்பேயை வாண்டா என்று அறிக்கையில் எழுதி, மறு வருடம் வெட்கத்தோடு திருத்தியவன் நான். வாண்டாவின் இலை ஒடுங்கி, வாய்க்கால் போல மடிந்திருக்கும். பூ 4, 5 செ.மீ. அகலம், மணம் உண்டு. மஞ்சள் கலந்த சாம்பல் இதழில் பழுப்புக் கட்டங்கள், நீலமோ ஊதாவோ படிந்த உதடு, அதாவது மற்றவற்றிலிருந்து மாறுபட்ட ஓர் இதழ். சோழமண்டலக் கரைச் செடிகளை விவரித்த ராக்ஸ்பரோ 1795இல் 'டெசலேட்டம்' என்றது அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான். அகாம்பேயின் இலை தடிமன். பூ சுமார் 1 செ.மீ.தான், நெருக்கமான கொத்து. மஞ்சளில் செம்பழுப்புப் பட்டைகள், வெள்ளை உதடு. 'ப்ரேமோர்சா' என்றால் நுனி கடிபட்டது என்று பொருள். வாண்டாவின் இலை நுனியும் கடிபட்ட மாதிரிதான் இருக்கும் என்பதால் பெயரை நம்பிவிடாதீர்கள்.

அடையாளத்துக்காகப் பறிக்க வேண்டாம். பூவை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலும், அப்புறம் இலை நுனி, வேர், தாங்கும் மரம் என்று படம் எடுத்தால் போதும். இணையத்தில் போடும்போது துல்லியமான இடத்தை மறைத்துவிடுங்கள். உயிரினங்களைப் படத்தோடு பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் அந்த வசதி இருக்கிறது. படத்தைப் பார்த்துப் பிடுங்க வருகிறவர்களும் உண்டு. காப்புக்காட்டிலிருந்து அனுமதியின்றி எடுப்பது குற்றம். பால்கனிக்குப் போனவற்றில் நான் பார்த்த பெரும்பாலானவை ஒரு கோடையைத் தாண்டவில்லை. விதை தூசி அளவு, அதில் சேமித்த உணவே கிடையாது. ஏற்ற பூஞ்சை கூட்டுச் சேர்ந்தால்தான் முளைக்கும். காட்டில் ஒரு செடி போனால் இன்னொன்று வருவது அத்தனை எளிதில்லை.

கீழே கிடந்த மூன்றையும் தேங்காய் நார்க் கயிற்றால் அதே கிளையில் கட்டினோம். கட்டியவர் அதே தருமபுரிக்காரர்தான். இரண்டு பிடித்துக்கொண்டன. பூ இன்னும் வரவில்லை, அதனால் என் அட்டவணையில் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கிறது.