ஸ்டெயின்ட் கிளாஸ்: சாயக் கண்ணாடியும் கண்ணாடி ஓவியமும்

தேவாலயச் சன்னல்களில் வெயில் பட்டதும் சிவப்பும் நீலமுமாக ஒளிர்வது ஸ்டெயின்ட் கிளாஸ். ‘ஸ்டெயின்’ என்றால் கறை என்றும் பொருள், சாயம் என்றும் பொருள். சாயமேற்றுவதைக் குறிக்கும் ‘டிங்கெரே’ என்ற லத்தீன் வினையோடு தொடர்புள்ள சொல் அது. ஆகவே ‘கறைக் கண்ணாடி’ பொருந்தாது. ‘சாயக் கண்ணாடி’ சரி.

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஐரோப்பியக் கைவினைஞர்கள் வெள்ளிச் சேர்மத்தைக் கண்ணாடியில் பூசிச் சூளையில் சுட்டார்கள். வெள்ளி உள்ளே ஊடுருவி மஞ்சளாக்கியது. கறாராகப் பார்த்தால் சாயமேறியது இந்த மஞ்சள்தான். கோபால்ட் தரும் நீலம் போன்றவை கண்ணாடியை உருக்கும்போதே கலந்தவை. துண்டுகளை ஈயப் பட்டைகள் இணைத்தன.

ஸ்டெயின்ட் கிளாஸ் என்ற பெயரில் வீட்டில் செய்வதில் ஈயமும் இல்லை, சூளையும் இல்லை. வண்ணம் மேற்பரப்பிலேயே தங்குகிறது. அதைக் ‘கண்ணாடி ஓவியம்’ என்பதே நேர்மை. ஈயப் பட்டையின் தோற்றத்தைத் தருவது, டியூபிலிருந்து பிதுக்கிக் கோடாகப் போடும் அவுட்லைனர். இதை ‘வரப்புக்கோடு’ எனலாம். வயலில் நீரைத் தேக்கும் வரப்பைப் போல வண்ணத்தைத் தேக்குவதே இதன் வேலை.

முதலில் ஸ்பிரிட் தொட்ட துணியால் கண்ணாடியைத் துடையுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் வண்ணம் ஒட்டாமல் விலகும். வரைபடத்தை அடியில் ஒட்டி, டியூபைச் சாய்த்துப் பிடித்து, ஒரே சீராக அழுத்திக் கோடு போடுங்கள். கோடுகள் சேரும் மூலைகளில்தான் இடைவெளி விழும். காய்ந்ததும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் பக்கத்துக் கட்டத்துக்குள் நிறம் கசியும்.

வண்ணத்தைத் தூரிகையால் இழுத்துத் தேய்க்காதீர்கள், வரி வரியாகத் தெரியும். தாராளமாகச் சொட்டுவிட்டு, தூரிகை நுனியால் கோட்டின் ஓரம்வரை தள்ளுங்கள். புட்டியைக் குலுக்கினால் குமிழ் வரும். வந்த குமிழை ஈரம் இருக்கும்போதே ஊசியால் உடையுங்கள். பாதி காய்ந்ததன்மேல் மறுபூச்சு பூசினால் கீழ்ப்பூச்சு கரைந்து சுருங்கும். சமதளத்தில் ஒரு நாள் முழுக்க அசையாமல் காயட்டும், சாய்ந்தால் நிறம் ஒருபுறம் திரளும். கரைப்பான் வகை வண்ணமென்றால் சன்னலைத் திறந்து வையுங்கள்.

நீரில் கரையும் வண்ணங்களில் சில, காய்ந்தபின் ஓவனில் சுடும் வகை. சுட்டால்தான் கழுவத் தாங்கும். வெப்பமும் நேரமும் புட்டிக்குப் புட்டி மாறும், லேபிளைப் பாருங்கள். குளிர்ந்த ஓவனில் வைத்துச் சூடேற்றி, உள்ளேயே ஆறவிடுங்கள். சூடாக வெளியே எடுத்தால் கண்ணாடி விரிசல் விடும்.