மார்ச் 31-ஆ, ஏப்ரல் 1-ஆ? மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டமும் வட்டி சரியும் காலமும்

2020 மார்ச் 31 அன்று மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் போட்டவருக்கு வட்டி 8.6 சதவீதம். மறுநாள் போட்டவருக்கு 7.4. முன்னவர் கைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 21,500 ரூபாய் வந்தது, பின்னவருக்கு 18,500. ஐந்து வருடக் கணக்கில் பார்த்தால் வித்தியாசம் 60,000 ரூபாய். இடையில் இருந்தது ஒரே ஒரு நாள்.

கொரோனா ஊரடங்கு தொடங்கிய நேரம் அது. ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை, அதாவது மற்ற வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் வட்டியை, மார்ச் 27 அன்று 5.15-லிருந்து 4.40 ஆகவும், மே மாதம் 4 சதவீதமாகவும் இறக்கியது. வீட்டுக் கடன் கட்டுகிறவருக்கு இது நல்ல சேதி. வட்டியை வைத்தே மளிகைக் கடனையும் மருந்துக் கடை பில்லையும் அடைக்கிற ஓய்வுபெற்றவருக்கோ இது சம்பள வெட்டு. அதே நிதியாண்டில் சில்லறைப் பணவீக்கம் சராசரியாக 6.2 சதவீதம். வரவு இறங்கியது, செலவு ஏறியது.

இந்தத் திட்டத்தில் பலர் கவனிக்காமல் விடுகிற விதி இங்கேதான் வேலை செய்கிறது. அரசு வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கிறது. அதைக் கேட்டுவிட்டு, "நம்ம வட்டியும் மாறிடுமோ" என்று பயப்படுகிறார்கள். மாறாது. கணக்குத் தொடங்கிய நாளில் என்ன விகிதமோ, அதுவே ஐந்து வருடத்துக்கும். மார்ச் 31-க்காரருக்கு 2025 வரை 8.6 வந்துகொண்டே இருந்தது.

ஒரு வருடம் கழித்து இன்னொரு கூத்து நடந்தது. 2021 மார்ச் 31 அன்று 7.4-ஐ 6.5 ஆகக் குறைத்து உத்தரவு வந்தது. விடிந்ததும், அது கவனக்குறைவாக வெளியாகிவிட்டது என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் திரும்பப் பெற்றார். தமிழ்நாட்டில் தேர்தலுக்கு அப்போது ஐந்து நாள்தான் இருந்தது.

சரி, யார் சேரலாம்? 60 வயது நிறைந்த, இந்தியாவில் வசிக்கும் யாரும். 55 முடிந்து ஓய்வோ விருப்ப ஓய்வோ பெற்றவர்கள், ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் சேரலாம். போஸ்ட் ஆபீஸிலோ வங்கியிலோ தொடங்கலாம். குறைந்தது 1,000 ரூபாய். ஒருவருக்கு மொத்தம் 30 லட்சம் வரை. 2023 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 15 லட்சமாக இருந்தது. கணவன், மனைவி இருவருக்கும் தகுதி இருந்தால் ஆளுக்கு 30 லட்சம். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள், போட்ட பணத்தில் 1.5 லட்சம் வரை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆனால் வரும் வட்டிக்கு வரி உண்டு.

வட்டி பூட்டப்படுவது இரு பக்கமும் வெட்டும். 7.4-ல் மாட்டிக்கொண்டவர்கள், 2023 ஏப்ரலில் அது 8.2 ஆனபோது கையைப் பிசைந்தார்கள். அவர்களுக்கும் வழி இருந்தது. கணக்கை இடையில் முடிக்கலாம்: ஒரு வருடத்துக்குப் பின், இரண்டு வருடத்துக்குள் என்றால் அசலில் 1.5 சதவீதம் பிடித்தம். இரண்டு வருடம் தாண்டினால் 1 சதவீதம். ஒரு வருடத்துக்குள் முடித்தால், அப்போதைய விதிப்படி, அதுவரை வாங்கிய வட்டியை அசலில் கழித்துவிடுவார்கள். 2021 ஜனவரியில் 10 லட்சம் போட்டவர், 2023 ஏப்ரலில் 10,000 ரூபாய் பிடித்தத்தைத் தாங்கிக்கொண்டு, முடித்த கணக்கின் பணத்தைப் புதுக் கணக்கில் போட்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 7,200 ரூபாய் கூடுதலாக வரும். ஏறக்குறைய பதினேழு மாதத்தில் நட்டம் தீர்ந்துவிடும், அப்புறம் எல்லாம் லாபம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல், "அபராதம் பிடிப்பாங்க" என்று சும்மா இருந்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

என்னைக் கேட்டால், ஓய்வுப் பணம் மொத்தத்தையும் ஒரே நாளில் போட வேண்டாம். ஒரு கணக்கில் ஒருமுறைதான் பணம் போட முடியும். ஆனால் 30 லட்சத்துக்குள் எத்தனை கணக்கும் வைக்கலாம். வருடத்துக்கு ஒன்றாகப் பிரித்துப் போட்டால், நெருக்கடி எந்த வருடம் வந்தாலும் எல்லாப் பணமும் ஒரே நேரத்தில் முதிர்ந்து குறைந்த வட்டியில் மாட்டாது. 55-க்குப் பின் ஓய்வு பெற்று 60-க்கு முன் சேர்கிறவர்களுக்கு மட்டும் மூன்று மாதக் கெடு குறுக்கே நிற்கும். வட்டி இறங்கும் என்று பேச்சு அடிபடுகிற காலத்தில் காலாண்டு முடிவதற்குள் போட்டுவிடுவது உத்தமம்.

பணவீக்கத்துக்கு இந்தத் திட்டத்தில் மருந்து கிடையாது. 8.2 சதவீதத்தில் 15 லட்சம் போட்டவருக்குக் காலாண்டுக்கு 30,750 ரூபாய், ஐந்தாம் வருடமும் அதே 30,750. இந்தக் கணக்கை அடகு வைத்துக் கடனும் வாங்க முடியாது. ஆகவே ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று ஒரு தொகை சேமிப்புக் கணக்கிலோ சின்ன எஃப்டியிலோ தனியாக இருக்கட்டும்.

முதிர்வுத் தேதியையும் காலண்டரில் குறித்து வையுங்கள். கணக்கை முடிக்காமலும் நீட்டிக்காமலும் விட்டால், அதன் பிறகு சாதாரண அஞ்சலகச் சேமிப்புக் கணக்கின் 4 சதவீத வட்டிதான் கிடைக்கும். மூன்று மூன்று வருடமாக நீட்டிக்கலாம். முதிர்ந்த ஒரு வருடத்துக்குள் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். நீட்டிக்கும்போது முதிர்வு நாளன்று இருந்த வட்டியே கிடைக்கும். அதற்குப் பின் அரசு குறைத்திருந்தாலும் அது உங்களைத் தொடாது.